அன்னை கதீஜா (ரலி) பற்றி அரை மணி நேர பயான் தயாரிப்பது எப்படி?

நபி (ஸல்) அவர்களின் முதல் மனைவி கதீஜா (ரலி) அவர்களைப் பற்றிய பயான்கள் (மார்க்க உரைகள்) பெரும்பாலும் ஒரே தடத்தில் போகின்றன. பெரும் செல்வந்தர், 40 வயதில் திருமணம், ஹிரா குகை, சொத்து முழுவதையும் கொடுத்தார், இறந்தார். பத்து நிமிடத்தில் இது தீர்ந்துவிடும். மீதி இருபது நிமிடத்தை நிரப்பத்தான் வாட்ஸ்அப்பில் சுற்றும் கதைகள் உள்ளே வருகின்றன. அதற்குத் தேவையே இல்லை. அன்னையைப் பற்றி ஆதாரப்பூர்வமாக வந்த செய்திகள் எண்ணிக்கையில் குறைவுதான். ஆனால் ஆறேழு செய்திகளை மட்டும் எடுத்து ஒவ்வொன்றையும் முழுதாகச் சொன்னால் அரை மணி நேரம் போதாமல் போகும்.

எங்கிருந்து எடுப்பது

முதலில் ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பான புகாரியைத் திறங்கள். அன்சாரிகளின் சிறப்புகள் பகுதியில், நபி (ஸல்) அவர்கள் கதீஜாவை மணந்ததும் அவருடைய சிறப்பும் என்ற பாடம் இருக்கிறது. எண்கள் 3815 முதல் 3821 வரை, மொத்தம் ஏழு. இந்த ஏழையும் ஒரே அமர்வில், அறிவிப்பாளர் பெயரோடு படியுங்கள். அடுத்து நூலின் தொடக்கத்திலேயே உள்ள 3ஆவது ஹதீஸ், வஹீயின் (இறைச்செய்தியின்) ஆரம்பம். பிறகு முஸ்லிம் என்ற ஹதீஸ் தொகுப்பில் நபித்தோழர்களின் சிறப்புகள் பகுதியில் கதீஜா பற்றிய பாடம். முஸ்லிமின் எண்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறும் என்பதால் குறிப்பில் பாடத்தின் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். அபூதாவூத் தொகுப்பில் 2692, கழுத்து மாலை பற்றிய செய்தி.

இவ்வளவும் கையில் வந்த பிறகே வரலாற்று நூல்களுக்குப் போக வேண்டும்: இப்னு ஹிஷாமின் சீரா (நபி வரலாறு), இப்னு ஸஅதின் தபகாத்தில் பெண்களுக்கான எட்டாம் பாகம். பலர் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்கிறார்கள். சீராவில் கதை சுவையாக இருக்கும், மனதில் அதுவே பதிந்துவிடும். பிறகு ஹதீஸைப் படித்தாலும் கண்ணுக்குத் தெரிவது சீராவின் காட்சிதான்.

ஒவ்வொரு செய்தியையும் தனித்தனி அட்டையில் எழுதுங்கள். அட்டையின் மூலையில் ஓர் எழுத்து: ஸஹீஹான (ஆதாரப்பூர்வமான) ஹதீஸுக்கு "ஸ", வரலாற்று நூலில் மட்டும் வருவதற்கு "வ". மேடையில் "ஸ" அட்டையை "புகாரியில் வருகிறது" என்று சொல்லலாம். "வ" அட்டையை "வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள்" என்று மட்டும் சொல்ல வேண்டும். இந்த ஒரு ஒழுங்கைக் கடைப்பிடித்தாலே பாதித் தவறுகள் நின்றுவிடும்.

எழுதும்போது இன்னொன்றைக் கவனியுங்கள். அந்த ஏழு ஹதீஸ்களில் ஒன்று அலீ (ரலி) வழியாகவும், ஒன்று அப்துல்லாஹ் பின் அபீ அவ்ஃபா (ரலி) வழியாகவும், ஒன்று அபூஹுரைரா (ரலி) வழியாகவும் வருகிறது. மீதி நான்கும் நபி (ஸல்) அவர்களின் இன்னொரு மனைவியான ஆயிஷா (ரலி) வழியாக. வஹீயின் ஆரம்பம் பற்றிய ஹதீஸும் அவர்கள் அறிவித்ததே. "நபியின் மனைவியரில் வேறு யார் மீதும் எனக்கு ஏற்படாத ரோஷம் கதீஜா மீது ஏற்பட்டது, நான் அவரைப் பார்த்ததுகூட இல்லை" என்று சொன்னவரும் அவர்களே. யார் மீது ரோஷம் கொண்டார்களோ அவருடைய சிறப்பை ஒளிக்காமல் சமுதாயத்துக்குக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். கதீஜா (ரலி) பற்றிய பயானில் இதைச் சொல்லாமல் விடுவது பெரிய இழப்பு. பயானின் முதுகெலும்பாகவே இதை வைக்கலாம்.

ஒரு பக்கக் காலக்கோடு

கையில் ஒரே ஒரு தாள் இருக்கட்டும். திருமணம் ஏறத்தாழ கி.பி. 595, நபி (ஸல்) அவர்களுக்கு வயது 25. முதல் வஹீ 610, வயது 40. ஊர்விலக்கு (குறைஷிகள் நபியின் குலத்தாரை ஒதுக்கிவைத்தது) நபித்துவத்தின் 7ஆம் ஆண்டு தொடங்கி 10ஆம் ஆண்டு வரை. அன்னையின் மறைவு நபித்துவத்தின் 10ஆம் ஆண்டு, ஏறத்தாழ 619. புகாரி 3896இல் ஹிஜ்ரத்துக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் என்று வருகிறது. ஹிஜ்ரத் 622. பத்ரு 624.

ஆக இல்வாழ்க்கை 25 ஆண்டுகள்: நபித்துவத்துக்கு முன் 15, பின் 10. அந்தக் காலம் முழுவதும் நபி (ஸல்) அவர்கள் வேறு யாரையும் மணக்கவில்லை என்பது முஸ்லிமில் ஆயிஷா (ரலி) சொன்ன செய்தி. சந்திர ஆண்டையும் கிறிஸ்தவ ஆண்டையும் ஒரே கணக்கில் கலந்தால் ஓராண்டு முன்பின் ஆகும். மேடையில் நபித்துவ ஆண்டையே சொல்லுங்கள், கி.பி. தாளில் இருந்தால் போதும்.

குலமும் உறவு முறையும்

தந்தை குவைலித், அவர் தந்தை அஸத், அவர் தந்தை அப்துல் உஸ்ஸா, அவர் தந்தை குஸை. நபி (ஸல்) அவர்களின் வம்சமும் குஸையில் வந்து சேர்கிறது. தாய் ஃபாத்திமா பின்த் ஸாயிதா. இதை இரண்டு நிமிடத்துக்கு மேல் இழுக்காதீர்கள், கேட்பவர்கள் பெயர் மழையில் நனைந்து போவார்கள்.

தமிழில் சொல்லும்போது வழுக்குவது உறவுப் பெயர்களில்தான். வரகா பின் நவ்ஃபலை (ஹிரா நிகழ்வுக்குப் பின் அன்னை விளக்கம் கேட்கப் போனவர்) "மாமா" என்று சொல்லும் பழக்கம் இருக்கிறது, அது தவறு. நவ்ஃபலும் குவைலிதும் உடன்பிறந்தவர்கள். ஆகவே வரகா அன்னைக்குத் தந்தையின் சகோதரர் மகன், வயதில் மூத்தவர், அண்ணன் முறை. ஹகீம் பின் ஹிஸாமும் ஸுபைர் பின் அவ்வாமும் அன்னையின் சகோதரர்களுடைய மகன்கள். அவர்களுக்கு அன்னை அத்தை. ஹாலா பின்த் குவைலித் அன்னையின் உடன்பிறந்த சகோதரி. அக்காவா தங்கையா என்று தீர்மானித்துச் சொல்லப் போகாமல் "சகோதரி" என்றே நிறுத்திக்கொள்ளுங்கள்.

வணிகம், திருமணம்: நான்கு நிமிடம் போதும்

அன்னையின் வணிகக் கூட்டம் குறைஷிகளின் மொத்த வணிகக் கூட்டத்துக்கு ஈடாக இருந்தது என்று இப்னு ஸஅத் பதிவு செய்கிறார். இது "வ" அட்டை. தாமே பயணம் போகாமல், ஆட்களை அமர்த்தி லாபத்தில் பங்கு கொடுத்து அனுப்பும் முறை. நபி (ஸல்) அவர்கள் ஷாமுக்கு (சிரியாப் பகுதிக்கு) வணிகம் போனபோது உடன் போன பணியாளர் மைஸரா. திருமணப் பேச்சைக் கொண்டுபோனவர் நஃபீஸா.

அன்னையின் தந்தைக்கு மது கொடுத்து சம்மதம் வாங்கியதாக ஒரு கதை பழைய நூல்களில் இருக்கிறது. இப்னு ஸஅதே அதை எடுத்து எழுதிவிட்டு, தம் ஆசிரியர் வாகிதீ அதை மறுத்ததையும் எழுதுகிறார்: தந்தை இஸ்லாத்துக்கு முந்தைய ஃபிஜார் போருக்கும் முன்பே இறந்துவிட்டார், மணமுடித்துக் கொடுத்தவர் சிறிய தந்தை அம்ரு பின் அஸத். ஒரு செய்தி பழைய நூலில் இருப்பதாலேயே அது உறுதியாகிவிடாது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

மஹர் (மணக்கொடை) இப்னு ஹிஷாமில் 20 இளம் பெண் ஒட்டகங்கள். முஸ்லிமில் நபியின் மனைவியருக்கான மஹர் பன்னிரண்டரை ஊக்கியா, அதாவது 500 திர்ஹம் என்று ஆயிஷா (ரலி) பொதுவாகச் சொன்ன செய்தி இருக்கிறது. இரண்டையும் கூட்டி "20 ஒட்டகமும் 500 திர்ஹமும்" என்று சொல்லிவிடுபவர்கள் உண்டு. ஒன்றைச் சொல்லி நூலின் பெயரையும் சொல்லுங்கள். இன்றைய பண மதிப்புக்கு மாற்றப் பார்க்காதீர்கள்.

வயது விஷயம். 40 என்பது வாகிதீ வழியாகப் பிரபலமானது. 28 என்பதும் பழைய நூல்களிலேயே இருக்கிறது, அதன் ஒரு அறிவிப்பாளர் தொடரில் கல்பீ வருகிறார். ஹதீஸ் கலை அறிஞர்கள் இந்த இருவரையுமே பலவீனமானவர்கள் என்கிறார்கள். பிறந்த குழந்தைகளோ ஆறு: காசிம், ஸைனப், ருகையா, உம்மு குல்ஸூம், ஃபாத்திமா, அப்துல்லாஹ். இத்தனை பிள்ளைப்பேறு 40க்குப் பின் என்பது அரிது என்று வாதிடுவோரும் உண்டு. ஆகவே "15 வயது மூத்தவர்" என்பதை பயானின் தூணாக நிறுத்த வேண்டாம். கேள்வி வந்தால் "40 பிரபலம், 28 என்றும் வருகிறது, இரண்டும் வரலாற்று நூல்களின் செய்திகள்" என்று சொல்லி நகர்ந்துவிடுங்கள். இன்னொரு சிறு சிக்கல்: தய்யிப், தாஹிர் என்பவை அப்துல்லாஹ்வின் சிறப்புப் பெயர்கள் என்பதே பலரது கருத்து. அவற்றைத் தனி ஆட்களாக எண்ணினால் குழந்தைகள் எட்டாகிவிடும்.

ஹிராவிலிருந்து திரும்பிய நேரம்: ஏழு நிமிடம்

பயானின் கனமான இடம் இதுதான். ஆனால் பலர் குகையில் முதல் வஹீ வந்ததை விரிவாகச் சொல்லிவிட்டு வீட்டில் நடந்ததை ஒரே வரியில் முடிக்கிறார்கள். அன்னையைப் பற்றிய பயானில் அது தலைகீழாக இருக்க வேண்டும். குகைக்கு ஒரு நிமிடம், வீட்டுக்கு ஆறு.

நபி (ஸல்) அவர்கள் நெஞ்சு படபடக்க வந்து "போர்த்துங்கள், என்னைப் போர்த்துங்கள்" என்கிறார்கள். போர்த்துகிறார்கள். நடுக்கம் தணிகிறது. நடந்ததைச் சொல்லி, "எனக்கே ஏதேனும் ஆகிவிடுமோ என்று அஞ்சுகிறேன்" என்கிறார்கள். இந்த இடத்தில் குரலை இறக்கி ஒரு மூச்சு நிறுத்துங்கள். பிறகு அன்னையின் பதில்: "ஒருபோதும் இல்லை. அல்லாஹ்வின் மீது ஆணையாக, அல்லாஹ் உங்களை ஒருநாளும் இழிவுபடுத்த மாட்டான்." அதன்பின் காரணங்கள் ஐந்து: உறவைப் பேணுகிறீர்கள். இயலாதவரின் சுமையைச் சுமக்கிறீர்கள். இல்லாதவருக்கு ஈட்டித் தருகிறீர்கள். விருந்தினரை உபசரிக்கிறீர்கள். நியாயமாக வரும் துன்பங்களில் கைகொடுக்கிறீர்கள். புகாரியின் 4953ஆவது அறிவிப்பில் "உண்மை பேசுகிறீர்கள்" என்பதும் சேர்ந்து வருகிறது.

இந்த ஐந்தையும் வரிசை மாறாமல் மனப்பாடம் செய்யுங்கள். இரண்டைச் சொல்லி "இன்னும் பல" என்று முடித்தால் செய்தியின் உயிர் போய்விடும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம் கொடுங்கள். விளக்கத்துக்குக் கதை தேட வேண்டாம், ஒரு கேள்வி போதும்: ஐந்தில் எதுவாவது தனிமையில் செய்யும் வணக்கமா? நபி (ஸல்) அவர்கள் ஹிராவில் பல இரவுகள் தனித்திருந்து வணங்கியதை அன்னை அறிவார், அதற்கு உணவு கட்டிக் கொடுத்தவரே அவர்தான். அப்படியிருந்தும் "இவ்வளவு வணங்குகிறீர்களே" என்று சொல்லவில்லை. பிற மனிதர்களோடு நடந்துகொண்ட விதத்தையே சாட்சியாக வைத்தார்கள். 15 ஆண்டுகள் ஒரே வீட்டில் இருந்து பார்த்தவரின் சாட்சி அது.

தொடர்ந்து வரகாவிடம் போவது. புகாரியில் அன்னை நபி (ஸல்) அவர்களை அழைத்துக்கொண்டு போகிறார்கள். வரலாற்றாசிரியர் இப்னு இஸ்ஹாக்கின் அறிவிப்பில் அன்னை மட்டும் போய்க் கேட்டு வருகிறார்கள். இரண்டையும் ஒரே மூச்சில் கலந்து சொன்னால் முன்வரிசையில் இருக்கும் ஓர் ஆலிம் (மார்க்க அறிஞர்) நிச்சயம் கண்டுபிடிப்பார். புகாரியோடு நில்லுங்கள்.

முதலில் இஸ்லாத்தை ஏற்றவர் யார் என்றால் அன்னைதான், தயங்காமல் சொல்லலாம். அவருக்குப் பின் யார் என்பதில்தான் அறிஞர்களிடையே பேச்சு.

கணவாயில் கோதுமை: மூன்று நிமிடம்

ஊர்விலக்குக் காலத்தில் அன்னை கணவாய்க்குள் நபி (ஸல்) அவர்களுடனேயே இருந்தார்கள். ஹகீம் பின் ஹிஸாம் தம் அத்தைக்காகக் கோதுமை கொண்டுபோகிறார். கூடச் சுமந்து வருவது ஒரு பணியாள். வழியில் நபியின் எதிரியான அபூஜஹ்ல் பிடித்துக்கொண்டு, மக்காவில் உன்னை அவமானப்படுத்தாமல் விடமாட்டேன் என்கிறான். அபுல் பக்தரீ வந்து, அத்தையின் உணவை அவரிடம் கொண்டுபோகிறான், விடு என்கிறார். அவன் விடவில்லை. அபுல் பக்தரீ கீழே கிடந்த ஒட்டகத்தின் தாடை எலும்பை எடுத்து அபூஜஹ்லின் தலையில் அடித்து மிதித்துவிடுகிறார். இது இப்னு இஸ்ஹாக் வழியாக வரும் "வ" அட்டை. ஹகீமும் அபுல் பக்தரீயும் அப்போது முஸ்லிம்கள் அல்ல. ஹகீம் இஸ்லாத்துக்கு வந்தது மக்கா வெற்றியின்போது. அபுல் பக்தரீ பத்ரில் எதிரணியில் நின்று கொல்லப்பட்டார். இந்த விவரத்தை விட்டால் "ஸஹாபாக்கள் இருவர் உதவினார்கள்" என்று கேட்பவர்கள் தவறாகப் புரிந்துகொள்வார்கள்.

ஜிப்ரீல் சொன்ன ஸலாம்: நான்கு நிமிடம்

புகாரி 3820. வானவர் ஜிப்ரீல் (அலை) நபி (ஸல்) அவர்களிடம் வந்து, "இதோ கதீஜா ஒரு பாத்திரத்தோடு வருகிறார், அதில் குழம்போ உணவோ பானமோ இருக்கிறது. வந்ததும் அவருடைய இறைவனிடமிருந்தும் என்னிடமிருந்தும் ஸலாம் சொல்லுங்கள். சொர்க்கத்தில் முத்தாலான ஒரு வீடு உண்டென நற்செய்தியும் சொல்லுங்கள், அதில் கூச்சலும் இல்லை, களைப்பும் இல்லை" என்கிறார்கள். வானத்திலிருந்து ஸலாம் வந்த நேரத்தில் அன்னை கையில் இருந்தது சாப்பாட்டுப் பாத்திரம். அந்தப் பாத்திரத்தை விட்டுவிடாதீர்கள். கூச்சலும் களைப்பும் ஏன் குறிப்பாகச் சொல்லப்பட்டன என்பதற்கு, சீராவுக்கு உரை எழுதிய ஸுஹைலீ தரும் விளக்கம் அழகானது: இஸ்லாத்துக்கு அழைத்தபோது நபி (ஸல்) அவர்கள் குரல் உயர்த்தவோ சிரமப்படவோ அன்னை விடவில்லை, அதற்கேற்ற கூலி அது. விளக்கத்தை ஹதீஸின் வாசகம்போல் சொல்லாமல் ஸுஹைலீயின் பெயரோடு சொல்லுங்கள்.

இந்த ஹதீஸில் இடம் சொல்லப்படவில்லை. "வயதான அன்னை ஹிரா மலை மீது ஏறி வந்தபோது" என்று காட்சியை இதன் மேல் ஒட்டி, அதற்கும் புகாரி எண்ணையே சொல்வது சரியல்ல. அன்னை ஸலாமுக்குச் சொன்ன பதில் வேண்டுமானால் அது நஸாயீயின் பெரிய தொகுப்பில் இருக்கிறது, புகாரியில் இல்லை.

மறைவுக்குப் பின்: ஆறு நிமிடம்

அன்னை மறைந்தது ரமளான் பிறை 10 என்று இப்னு ஸஅத் எழுதுகிறார். அடக்கம் ஹஜூனில், இன்றைய ஜன்னத்துல் முஅல்லா. நபி (ஸல்) அவர்களே கப்ரில் இறங்கினார்கள். ஜனாஸாத் தொழுகை அப்போது இன்னும் வரவில்லை. "துக்க ஆண்டு" என்ற பெயர் புகாரி, முஸ்லிமில் இல்லை. "நபி அவர்கள் அப்படிப் பெயரிட்டார்கள்" என்று சொல்லாமல் "வரலாற்றில் அப்படி அழைக்கப்படுகிறது" என்று சொன்னால் போதும்.

இங்கே மூன்று காட்சிகள். ஒன்று, ஆடு அறுத்தால் துண்டுகளாக்கி அன்னையின் தோழிகளுக்கு அனுப்பிவைப்பது (3818). இரண்டாவது, மதீனாவில் ஹாலா வாசலில் நின்று அனுமதி கேட்கிறார். அந்தக் குரலில் அன்னை அனுமதி கேட்கும் விதம் நினைவுக்கு வந்து நபி (ஸல்) அவர்கள் சிலிர்த்து, "யா அல்லாஹ், ஹாலாவாக இருக்கட்டும்" என்கிறார்கள். ஆயிஷா (ரலி) ரோஷத்தில், என்றோ இறந்துபோன அந்த வயதான பெண்ணையே நினைக்கிறீர்களே, அவரைவிடச் சிறந்தவரை அல்லாஹ் தந்துவிட்டானே என்கிறார்கள். புகாரி 3821 இந்த இடத்தோடு முடிகிறது. "அவரைவிடச் சிறந்தவரை அல்லாஹ் எனக்குத் தரவில்லை. மக்கள் மறுத்தபோது என்னை நம்பினார்" என்று தொடங்கும் புகழ்பெற்ற பதில் முஸ்னத் அஹ்மதில் வேறு தொடரில் வருகிறது. அந்தத் தொடரில் முஜாலித் என்பவர் இருக்கிறார். அவருடைய நினைவாற்றலைக் குறை சொன்னவர்கள் பலர், செய்தியை ஏற்றவர்களும் உண்டு. இரண்டையும் ஒட்டி "புகாரியில்" என்று சொல்வதுதான் இந்தத் தலைப்பில் அதிகம் நடக்கும் பிழை. "அஹ்மதில் வருகிறது" என்று இரண்டு சொல் சேர்த்தால் தீர்ந்தது. அதே கருத்தில் முஸ்லிமில் "அவர் மீதான அன்பு எனக்கு அருளப்பட்டது" என்ற வாசகம் இருக்கிறது, அதை முன்னால் வைக்கலாம்.

மூன்றாவது, மாலை. பத்ரில் சிறைப்பட்டவர்களில் அபுல் ஆஸ் பின் ரபீஃ ஒருவர். ஹாலாவின் மகன், நபியின் மகள் ஸைனபின் கணவர். அவரை மீட்க ஸைனப் மக்காவிலிருந்து அனுப்பிய பொருளில் ஒரு மாலை. திருமணத்தின்போது அன்னை மகளுக்கு அணிவித்து அனுப்பியது. அதைப் பார்த்ததும் நபி (ஸல்) அவர்கள் மிகவும் உருகிப்போனார்கள். பிறகு தோழர்களிடம், நீங்கள் சரியெனக் கண்டால் கைதியை விடுவித்து, அவளுடையதை அவளுக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்றார்கள். கட்டளையிடவில்லை, கேட்டார்கள். இதை அறிவிப்பவரும் ஆயிஷா (ரலி) தான். பயானை இங்கே முடித்து துஆவுக்குப் போகலாம்.

விட்டுவிட வேண்டியவை

அன்னையிடம் 80,000 ஒட்டகங்கள் இருந்தன என்ற எண்ணிக்கை, கஃபன் துணிக்கு (அடக்கத்துக்கான துணி) வழியில்லாமல் மகள் ஃபாத்திமா மூலம் நபியின் போர்வையைக் கேட்டது, வானத்திலிருந்து கஃபன் இறங்கியது: இவை அறியப்பட்ட ஹதீஸ் தொகுப்புகளில் இல்லை. "கதீஜாவின் செல்வமும் அலீயின் வாளும்" என்ற வாசகத்துக்கும் அறிவிப்பாளர் தொடர் கிடையாது. கேட்பவர்கள் அழுவார்கள் என்பதற்காக இவற்றைச் சேர்க்கும் ஆசை வரும். மாலைச் செய்தியைச் சரியாகச் சொல்லிப் பாருங்கள், அந்த ஆசை போய்விடும். செல்வத்தைப் பற்றிப் பேச வேண்டுமானால் 93:8 வசனத்தை எடுங்கள். அங்கும் "அன்னையின் செல்வத்தைக் கொண்டு என்று விரிவுரையாளர்கள் சிலர் சொல்கிறார்கள்" என்பதுதான் சரியான அளவு. குர்ஆனில் அன்னையின் பெயர் வரவில்லை.

நேரக் கணக்கும் ஒத்திகையும்

தொடக்க ஹம்து ஸலவாத்துக்கு (இறைப்புகழ், நபி வாழ்த்து) இரண்டு நிமிடம், குலத்துக்கு இரண்டு, வணிகமும் திருமணமும் நான்கு, ஹிரா ஏழு, கணவாய் மூன்று, ஸலாம் நான்கு, மறைவுக்குப் பின் ஆறு, துஆவுக்கு இரண்டு. மொத்தம் 30. நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு 90 முதல் 100 சொற்கள் வரும். எனவே துஆவும் தொடக்கமும் நீங்கலாக 2,500 சொற்களுக்கு மேல் எழுத வேண்டாம்.

கைபேசியில் பதிவு செய்து ஒருமுறை கேளுங்கள். பெரும்பாலும் குலமும் வணிகமும் நேரத்தைத் தின்றிருக்கும், கடைசி ஆறு நிமிடம் இரண்டாகச் சுருங்கியிருக்கும். குறைக்க வேண்டியது முன்பாதியில்தான்.

மதரஸா பிள்ளைகளுக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான் என்றால் ஐந்து காரணங்கள், பாத்திரம், மாலை ஆகிய மூன்றை மட்டும் எடுங்கள். ஐந்து காரணங்களை விரல் மடக்கிச் சொல்லிக் கொடுத்து, உடனே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். வயது, மஹர், அறிவிப்பாளர் தொடர் எதுவும் அங்கே வேண்டாம். "ஸ" அட்டைகளை மட்டும் கையில் கொண்டுபோனால், பிள்ளைகள் குறுக்கே கேள்வி கேட்டாலும் தடுமாற்றம் இராது.